நெல்லிக்கனி முதல் நடுகல் வரை: குறியீட்டையும் உட்பொருளையும் படித்தறியும் முறை

தருமபுரியில் பள்ளிப் பிள்ளைகள் யாரிடம் கேட்டாலும், அதியமான் ஔவையாருக்குக் கொடுத்தது நெல்லிக்கனி என்று உடனே சொல்வார்கள். அந்தக் கனி எதற்குக் குறியீடு என்று கேட்டால் 'கொடைக்கு' என்ற விடையும் அதே வேகத்தில் வரும். விடை தவறன்று. ஆனால் அதைச் சொல்லப் பாட்டைப் படித்திருக்க வேண்டிய தேவையே இல்லை. வழிவழியாகக் கேட்ட கதை போதும். ஒரு படைப்பைப் படிக்காமலேயே சொல்லிவிடக்கூடிய விளக்கம், அந்தப் படைப்பைப் பற்றி எதையும் சொல்லிவிடவில்லை என்பதே என் உறுதியான எண்ணம்.

பல ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். சனிக்கிழமை மாலைகளில் கல்லூரி மாணவர் சிலருடன் அமர்ந்து பாடல்களையும் சிறுகதைகளையும் வாசிப்பதும் உண்டு. குறியீடு, மீண்டும் மீண்டும் வரும் கூறு, உட்பொருள் ஆகிய மூன்றையும் ஒரு படைப்பிலிருந்து எப்படிக் கண்டெடுப்பது என்பதற்கு அந்த வாசிப்பில் எங்களுக்குக் கைவந்த முறையை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளுக்கு வெகுதூரம் போகவில்லை. இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றி ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல்கள் நம் மண்ணுக்கு உரியவை. அவற்றில் இந்த மூன்றுமே தெளிவாகக் கிடைக்கின்றன.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஒரு பொருள் தன் இயல்பான பயனோடு படைப்பில் நின்றுகொண்டே, அந்தப் பயனுக்கு அப்பாலும் ஒன்றை உணர்த்துமானால் அது குறியீடு. பொருளோ சொல்லோ செயலோ ஒரே படைப்பிலோ ஒருவரின் பல படைப்புகளிலோ திரும்பத் திரும்ப வருமானால் அதை ஆய்வாளர்கள் மோட்டிஃப் என்கிறார்கள். நாங்கள் எங்களுக்குள் 'மீள்கூறு' என்று சொல்லிக்கொள்கிறோம். இவையெல்லாம் சேர்ந்து வாழ்வைப் பற்றி எதைச் சொல்கின்றனவோ அது உட்பொருள். இந்த மூன்றாவதைப் பலரும் 'கருப்பொருள்' என்று எழுதுகிறார்கள். இன்றைய வழக்கில் அது நிலைத்துவிட்டது என்றாலும் சங்க இலக்கியம் படிக்கும் மாணவரை அது குழப்பிவிடுகிறது. ஏனென்றால் தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்பது ஒரு நிலத்துக்கு உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் போன்றவற்றின் தொகுதி. நாம் இன்று கருப்பொருள் என்று சொல்வதற்கு நெருக்கமாக அங்கே நிற்பது, புணர்தல், பிரிதல் போன்ற ஒழுக்கங்களைக் குறிக்கும் உரிப்பொருள். தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்; குற்றம் அவர்களுடையதன்று, ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்த நம்முடையது.

இந்தக் கருப்பொருள்தான் தமிழ் மரபில் குறியீடு பிறக்கும் இடம். சொல்லவந்ததை வெளிப்படையாகச் சொல்லாமல் உள்ளே பொதிந்துவைக்கும் உள்ளுறை உவமம், தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை நிலைக்களமாகக் கொண்டு அமையும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. குறுந்தொகையின் 8ஆம் பாடல் நல்ல சான்று. வயலோரத்து மாமரத்தில் பழுத்துத் தானே விழும் கனியைப் பொய்கையில் வாழும் வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊரை உடையவன் என்று தலைவனைப் பற்றிப் பரத்தை பேசுகிறாள். மேலோட்டமாகப் பார்த்தால் அது ஊர் வருணனை. ஆனால் மீன் மரமேறவில்லை, முயலவும் இல்லை. கனிதான் வந்து விழுந்தது. 'நான் அவனை வலைவீசிப் பிடிக்கவில்லை, அவனாக வந்தான்' என்பதைத் தன் வாயால் சொல்லாமல் மாங்கனியின் வாயால் சொல்லிவிடுகிறாள். கிருஷ்ணகிரிப் பக்கத்து மாணவி ஒருவர் இந்தப் பாட்டைக் கேட்டதும், "பழம் பழுத்தா யார் கைக்கும் காத்திருக்காதுங்க ஐயா" என்றார். மாந்தோப்பில் வளர்ந்தவருக்கு உரைநூல் இல்லாமலே உள்ளுறை புரிந்துவிடுகிறது.

இதிலிருந்தே முதல் வேலை என்ன என்பது விளங்கும். பொருளை முதலில் பொருளாகவே பார்க்க வேண்டும். அது எதைக் குறிக்கிறது என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, அது எங்கே விளைகிறது, எப்படிக் கிடைக்கிறது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, கடைசியில் என்ன ஆகிறது என்று மட்டும் கேட்க வேண்டும். புறநானூற்றின் 91ஆம் பாடலை இப்படிப் படித்துப் பாருங்கள். நெல்லி சாதாரண இடத்தில் இல்லை. 'பெருமலை விடரகத்து' உச்சியில், எளிதில் ஏற முடியாத பிளவில் இருக்கிறது. மரத்தின் இலை சிறியது. கனி இனியது. அதை உண்டால் சாவு விலகும். அந்தப் பயனை அதியமான் வெளியே சொல்லவில்லை. கனி இப்போது ஔவையிடம் இருக்கிறது. பாட்டு தரும் செய்திகள் இவ்வளவே. இவற்றை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகலாம்.

இந்தப் பாட்டைப் படித்த அன்று வாசிப்புக்கு வந்த மாணவர் ஒருவர் சந்தையிலிருந்து நெல்லிக்காய் வாங்கிவந்திருந்தார். ஆளுக்கொன்று மென்றோம். முதலில் துவர்ப்பு, பின்பு புளிப்பு. அதன்மேல் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததும் நாக்கெல்லாம் இனிப்பு. உடனே அவர், "புளிப்புக்குள்ளே இனிப்பு ஒளிந்திருப்பதுபோல அதியமான் பயனை ஒளித்துவைத்தான்" என்றார். கேட்க அழகாகத்தான் இருந்தது, எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் பாட்டில் அதற்கு ஆதரவு இல்லை. பாட்டு புளிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. எடுத்த எடுப்பிலேயே 'தீங்கனி' என்று இனிப்பை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. ஆகவே அந்த எண்ணத்தை ஏட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளச் சொன்னேன், விளக்கத்துக்குள் சேர்க்கவிடவில்லை. நம் அனுபவம் பாட்டைத் திறக்க உதவும், பாட்டில் இல்லாததை உள்ளே கொண்டுபோய் வைக்க உதவக் கூடாது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் பாட்டு எதை வைத்திருக்கிறது என்பது. கனியைச் சொல்வதற்குச் சற்று முன்னால் ஔவை அஞ்சியை வாழ்த்துகிறார்: பிறை சூடிய, நீலமணி போன்ற மிடற்றை உடைய ஒருவனைப்போல நீ நிலைபெற்று வாழ்க என்கிறார். வாழ்த்துவதற்கு எத்தனையோ உவமைகள் இருக்கையில் நீலமிடறு ஏன்? அந்த மிடறு நஞ்சை உள்ளே அடக்கியதால் நீலமானது. சில அடிகள் தள்ளி 'ஆதல் நின்னகத் தடக்கி' என்று, கனியின் பயனை அதியமான் தன் உள்ளத்தில் அடக்கியதைச் சொல்கிறார். ஒருவர் கொல்வதை உள்ளே அடக்கிப் பிறரை வாழவைத்தார். இன்னொருவர் வாழவைப்பதன் பெருமையை உள்ளே அடக்கிப் பிறருக்குக் கொடுத்தார். இரண்டையும் இணைப்பது அடக்குதல் என்ற ஒரே செயல். இப்போது நெல்லிக்கனி வெறும் கொடைக்குக் குறியீடாக நிற்கவில்லை. கொடுப்பதன் மதிப்பைப் பெறுபவருக்குச் சொல்லாமல் கொடுக்கும் கொடைக்குக் குறியீடாகிறது. முதல் பத்தியில் சொன்ன விடைக்கும் இதற்கும் உள்ள தூரம் ஒரே ஒரு வினையெச்சம்தான். குறியீட்டைத் தேடுபவர்கள் பெயர்ச்சொற்களையே துருவிக்கொண்டிருக்கிறார்கள்; பெரும்பாலும் திறவுகோல் அருகிலுள்ள வினைச்சொல்லில் இருக்கிறது.

மூன்றாவது வேலை மீள்கூறுகளைத் தொகுப்பது. இதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும், ஒரு நோட்டும் வேண்டும். நோட்டில் நான்கு கட்டம் போட்டு, எந்தப் பொருள், எந்தப் பாடலில், யாருடைய கையில், முன்பு வந்ததிலிருந்து என்ன மாறியிருக்கிறது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். கடைசிக் கட்டம்தான் உயிரானது. ஒரு பொருள் பத்து முறை வந்தது என்று எண்ணிக்கை சொல்வதால் பயனில்லை. ஒவ்வொரு முறையும் அது எப்படி மாறி வந்தது என்பதில்தான் பொருள் இருக்கிறது.

மயிற்பீலியை எடுத்துக்கொள்வோம். 95ஆம் பாடலில் ஔவையார் தொண்டைமான் என்ற மற்றொரு மன்னனின் படைக்கலக் கொட்டிலில் நிற்கிறார். 'இவ்வே, பீலி அணிந்து மாலை சூட்டி' என்று தொடங்கி, அங்குள்ள ஆயுதங்கள் நெய் பூசப்பட்டுக் காவலுள்ள பெரிய மனையில் அழகாக இருக்கின்றன என்று புகழ்வதுபோல் சொல்லி, எம் தலைவனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று முடிக்கிறார். இங்கே பீலி, போருக்கே போகாத வேலுக்குச் சூட்டிய அலங்காரம். 232ஆம் பாடலில் அதே பீலி மீண்டும் வருகிறது. இம்முறை அது சூட்டப்படுவது அதியமானின் நடுகல்லுக்கு. 'நடுகல் பீலி சூட்டி' நாரால் வடிகட்டிய கள்ளைச் சிறு கலத்தில் வார்க்கிறார்கள். மலை ஓங்கிய நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை ஏற்றுக்கொள்வானோ என்று ஔவை கேட்கிறார். உயிரோடிருந்தபோது அவனுடைய வேலுக்குப் பீலி சூட்ட நேரமில்லை. இப்போது அவனே கல்லாகி அசையாமல் நிற்கிறான், பீலி வந்து ஏறிவிட்டது. இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்துப் படித்தபோது எங்கள் வாசிப்பில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

கள்ளையும் இதேபோல் தொடர்ந்து பாருங்கள். 235ஆம் பாடல், 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே' என்று தொடங்குகிறது. சிறிதளவு கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் சேர்ந்து மகிழ்ந்து உண்பான். அதெல்லாம் போய்விட்டதே என்ற புலம்பல் 'மன்னே' என்ற ஒரு சொல்லில் அடிக்கடி எழுந்து எழுந்து விழுகிறது. கழிந்துபோனதற்கு இரங்கும் இந்த இடைச்சொல்லும் ஒரு மீள்கூறே. மீள்கூறு கையில் தொட்டெடுக்கக்கூடிய பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேலும் இங்கே திரும்பி வருகிறது. பகைவரைக் குத்தி நுனி மழுங்கியது அவன் வேல் என்று 95இல் பெருமையாகச் சொன்னவர், இங்கே அவன் மார்பில் பாய்ந்த வேல், பாணருடைய உண்கலத்தைத் துளைத்து, இரப்பவர் கைகளையும் ஊடுருவி, கடைசியில் புலவரின் நாவில் போய் விழுந்தது என்கிறார். ஒரே வேல் ஒருவனைத்தான் கொன்றது. ஆனால் அது பாய்ந்த பாதையைப் பார்த்தால், அவன் உயிரோடு எவரெவர் வாழ்வு கோக்கப்பட்டிருந்தது என்பது தெரிகிறது.

ஒரு வினைச்சொல்லையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 91இல் 'எமக்கீந்தனையே', 235இல் 'எமக்கீயும்', அதே பாடலின் பிற்பகுதியில் இனிப் பாடுநரும் இல்லை, பாடுநர்க்கு ஒன்று 'ஈகுநரும் இல்லை' என்று, 'ஈ' என்னும் வினை அவனைச் சுற்றியே வருகிறது. பாட்டுக்கு வெளியிலும் ஒரு சான்று உண்டு. 1981இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு, 'அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி' என்று அவன் கொடுத்த இருக்கையைக் குறிக்கிறது. பாறையில் வெட்டியவருக்கும் ஏட்டில் பாடியவருக்கும் அவனைச் சொல்ல வாய்த்தது ஒரே சொல். அதைக் கொண்டு கல்வெட்டும் பாடலும் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட்டவை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கொடை என்ற எண்ணத்துக்கு அந்தக் காலத்தில் 'ஈ' இயல்பான சொல் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும்.

இந்த எச்சரிக்கை தொகைநூல்களுக்கு எப்போதும் பொருந்தும். 91, 95, 232, 235 என்ற எண்கள் தொகுத்தவர்கள் வைத்த வரிசை. ஔவையார் அவற்றை இந்த ஒழுங்கில் ஒரே நூலாக எழுதினார் என்பதில்லை. ஆகவே 'பீலியை இங்கே வைத்தது அங்கே திரும்பக் காட்டுவதற்காகவே' என்று எழுதாமல், 'இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது பீலியின் பொருள் இப்படி மாறுகிறது' என்று எழுதுவது நேர்மையானது. நாவலுக்கோ சிறுகதைக்கோ இந்தத் தயக்கம் வேண்டியதில்லை. அங்கே வரிசையை வைத்தவர் ஆசிரியரே.

சில இடங்களில் குறியீடு ஏட்டோடு நிற்பதில்லை, ஊருக்குள்ளும் நிற்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி முழுவதும் நடுகற்கள் உண்டு. பல ஊர்களில் அவற்றை வேடியப்பன் என்று வழிபடுகிறார்கள். புளியமரத்தடியில் நிற்கும் ஒரு கல்லை மாணவர்களுடன் போய்ப் பார்த்தேன். வில்லேந்திய வீரன் மீது மஞ்சளும் குங்குமமும் அப்பி, உருவமே பாதி மறைந்திருந்தது. அடியில் உடைத்த தேங்காயும் எலுமிச்சையும் கிடந்தன. 232ஆம் பாடலை அங்கேயே உரக்கப் படித்தோம். கல்லுக்கு எதையோ படைப்பது என்பது மாணவர்களுக்கு அதுவரை பாடப்புத்தகத்து அடிக்குறிப்பாக இருந்தது. அன்றுதான் 'கொள்வன் கொல்லோ' என்ற கேள்வி, ஒரு கல்லின் முன்னால் நின்றுகொண்டு கேட்கும் கேள்வி என்பது அவர்களுக்கு உறைத்தது. படிக்கும் படைப்பில் வரும் பொருள் உங்கள் ஊரில் இருக்குமானால், ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து மீண்டும் படியுங்கள்.

உட்பொருளுக்கு வருவோம். இதில் நடக்கும் பிழை ஒன்றே ஒன்றுதான், ஆனால் எல்லோரும் செய்வது. 'இப்பாடலின் உட்பொருள் கொடை', 'இக்கதையின் உட்பொருள் வறுமை' என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிடுகிறார்கள். கொடை என்பது பாடுபொருள். பாட்டு எதைப் பற்றியது என்பதற்கு விடை. அதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதே உட்பொருள். அது முழு வாக்கியமாகத்தான் வர முடியும். சிலப்பதிகாரப் பதிகம் இதற்கு நல்ல வழிகாட்டி. அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும், புகழ்மிக்க பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்று மூன்று வாக்கியங்களை அது வைக்கிறது. 'அரசியல், கற்பு, ஊழ்' என்று மூன்று சொற்களோடு நிறுத்திவிடவில்லை. அதோடு, இவை எல்லாவற்றுக்கும் சிலம்பு காரணம் என்று, பொருளுக்கும் உட்பொருளுக்கும் உள்ள உறவையும் சொல்லிவிடுகிறது.

ஔவையார் பாடல்களுக்கு எங்கள் குழு எழுதிய முதல் வாக்கியம், 'அதியமான் கருணையே வடிவானவன்' என்பது. எழுதிய வாக்கியத்தை அதற்கு ஒத்துவரும் பாடலோடு ஒப்பிட்டால் அது எப்போதும் வென்றுவிடும். ஒத்துவராத பாடலைத் தேடி அதனோடு மோதவிட வேண்டும். 94ஆம் பாடல் அந்த வாக்கியத்தை உடைத்துவிட்டது. ஊர்ச் சிறுவர்கள் தன் வெண்கொம்பைக் கழுவ அனுமதித்து நீர்த்துறையில் படிந்திருக்கும் யானைபோல எமக்கு இனியவன்; அதே யானை மதம் கொண்டால் எப்படியோ அப்படிப் பகைவர்க்கு இன்னாதவன் என்கிறது அந்தப் பாட்டு. யானை ஒன்றுதான், நிற்பவர்தான் வேறு. திருத்தி எழுதினோம்: 'ஒருவன் கொடுத்து வாழ்ந்த வாழ்வின் அளவு, அவன் இறந்தபின் பெற்றவர்களிடம் ஏற்படும் வெறுமையில் தெரியவருகிறது.' இதற்கு 235இன் வேல் ஒத்துவருகிறது. 232இல், காலையும் மாலையும் இல்லாமற் போகட்டும், 'அல்லாகியர் யான் வாழும் நாளே' என்று ஔவை சொல்வதும் ஒத்துவருகிறது. சாவு நீங்குவதற்காகக் கனியைப் பெற்றவர், கொடுத்தவன் போனபின் தன் வாழ்நாளே வேண்டாம் என்கிறார். இந்த வாக்கியத்தோடும் ஒருவர் வாதாடலாம். வாதாட இடம் தருவதுதான் நல்ல உட்பொருள் வாக்கியத்தின் அடையாளம்.

இக்காலப் படைப்புக்கும் முறை இதுவே. எங்கள் குழு மாணவி ஒருவர் எழுதிய, இன்னும் அச்சேறாத சிறுகதையில் ராகி அரைக்கும் திரிகை ஒன்று மூன்று இடங்களில் வருகிறது. முதலில் பாட்டி விடியற்காலையில் அரைக்கிறாள். அந்தச் சத்தத்தில்தான் வீடு விழிக்கிறது. பெற்றோர் கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் போனபின், கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அதன் மேற்கல்லை முட்டாக வைக்கிறார்கள். கடைசியில் விடுமுறைக்கு வரும் பேரன் கீழ்க்கல்லின் மேல் நின்று கைப்பேசிக்குச் சிக்னல் தேடுகிறான். 'திரிகை பாரம்பரியத்தின் குறியீடு' என்று ஒரு மாணவர் சொன்னதும், எழுதியவருக்கு முகம் வாடிவிட்டது. நோட்டில் கட்டம் போட்டுப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது: இரண்டு கல்லும் சேர்ந்தால்தான் திரிகை, பெற்றோர் போனபின் அவை பிரிந்தே கிடக்கின்றன, கதையில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. மேற்கல் திறந்து வைத்திருக்கும் அந்தக் கதவு, போனவர்கள் வரவேண்டிய கதவு. இதைச் சொன்னபோதுதான் அவர், "ஆமாங்க ஐயா, நான் எழுதும்போது இவ்வளவு நினைக்கல, ஆனா கதவு அடைக்கக் கூடாதுன்னு மட்டும் தோணுச்சு" என்றார். எழுதுபவர் முன்கூட்டித் திட்டமிட்டாரா என்பதைவிட, எழுதப்பட்டதில் அது இருக்கிறதா என்பதே வாசகர் பார்க்க வேண்டியது.

வெள்ளை என்றால் தூய்மை, மழை என்றால் துயரம் என்று பட்டியல் வைத்துக்கொண்டு படிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மானாவாரியில் ராகி விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் குடும்பத்தில் பிறந்தவருக்கு மழை ஒருநாளும் துயரமாக இருக்க முடியாது. பட்டியல் அங்கேயே செல்லாமல் போகிறது. அதுபோலவே எல்லாப் பொருளும் குறியீடு என்று எண்ணிச் சோர்ந்துபோகவும் வேண்டாம். ஒரு பொருளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைத்துப் பாருங்கள். நெல்லிக்கனிக்குப் பதில் பொற்காசு கொடுத்தான் என்று வைத்தால் 91ஆம் பாடலே நிற்காது. காசின் மதிப்பை யாரும் உள்ளத்தில் அடக்கி மறைக்க முடியாது. எடுத்துவிட்டாலும் படைப்பு குலையாமல் நிற்குமானால், அந்தப் பொருளை அதன் போக்கில் விட்டுவிடலாம்.

பழகிப் பார்க்க விரும்புபவர்கள் 101ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதியமானிடம் பரிசில் கிடைக்கக் காலம் நீண்டாலும் நீளாவிட்டாலும், அது யானை தன் கொம்புகளுக்கிடையே வைத்துக்கொண்ட கவளம்போல, கைக்குள் இருப்பதே, பொய்க்காது என்கிறார் ஔவையார். 94இல் நீர்த்துறையில் படிந்திருந்த அதே யானைதான் இங்கே உணவோடு நிற்கிறது. நோட்டில் நான்கு கட்டம் போட்டு, அந்தக் கவளம் இப்போது யாருடையது என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.